அரசின் அளவீடுகளில் பொதுமக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழை அளப்பது, நிலநடுக்கத்தைப் பதிவது, காற்று மாசைக் கவனிப்பது, பழைய ஆவணங்களைத் தட்டச்சு செய்வது என்று பல வேலைகளில் அரசுகள் பொதுமக்களைச் சேர்த்துக்கொள்கின்றன. அப்படிச் சேர்வது எப்படி, சேர்ந்தவர்கள் கொடுக்கும் தகவல் எங்கே போகிறது, எங்கே கெட்டுப்போகிறது என்பதற்கான பதில்கள் இங்கே. எடுத்துக்காட்டுகளில் பெரும்பகுதி அமெரிக்காவைச் சேர்ந்தவை. அங்கே இந்தப் பழக்கம் பழமையானது, வழிமுறைகளும் வெளிப்படையாகக் கிடைக்கின்றன. இந்தியாவுக்குப் பொருந்தும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறோம்.

‘மக்கள் அறிவியல்’, ‘கிரவுட்சோர்சிங்’ இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றோடொன்று கலந்தவை, ஆனால் ஒன்றல்ல. ஒரு வேலையைச் சிறு சிறு துண்டுகளாக்கி, விருப்பமுள்ள எவரும் எடுத்துச் செய்யலாம் என்று பொதுவில் விடுவது கிரவுட்சோர்சிங். ஒரு சின்னத்துக்கு வடிவம் கேட்பதும், சாலைக் குழியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வதும் இதில் அடங்கும். மக்கள் அறிவியலில் ஓர் ஆய்வுக் கேள்வி இருக்கும், அதற்கு வகுத்த அளவிடும் முறை இருக்கும். அந்த முறையைப் பொதுமக்கள் கடைப்பிடிப்பார்கள். முறை இல்லாமல் வந்து குவியும் தகவலைப் பின்னால் அறிவியலாக்குவது மிகக் கடினம்.

அரசிடம் கருவிகளும் அலுவலர்களும் இருக்கும்போது பொதுமக்கள் எதற்கு?

இடைவெளியை நிரப்பத்தான். கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் நகரத்தில் 1997 ஜூலை 28 அன்று நடந்ததைப் பாருங்கள். நகரின் தென்மேற்கில் 14 அங்குலத்துக்கு மேல், அதாவது 355 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதே நகரின் கிழக்குப் பக்கத்தில் 2 அங்குலம்கூட இல்லை. வெள்ளத்தில் 5 பேர் இறந்தார்கள். நகருக்கு ஒன்றிரண்டு மழைமானிகள் வைத்திருக்கும் எந்த அமைப்பாலும் இந்த வேறுபாட்டைப் பிடிக்க முடியாது. மறு ஆண்டு, கொலராடோ அரசுப் பல்கலைக்கழகத்தின் காலநிலை மையம் வீட்டுத் தோட்டங்களில் மழைமானி வைக்க ஆள் சேர்த்தது. கோகோராஸ் என்று அழைக்கப்படும் அந்த வலையமைப்பு இன்று அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் கனடாவிலும் இயங்குகிறது. அதன் பதிவுகளை அமெரிக்க தேசிய வானிலைச் சேவை அன்றாடம் எடுத்துக்கொள்கிறது.

இது ஒன்றும் இணையத்தோடு வந்த யோசனை அல்ல. அமெரிக்க வானிலைத் துறையின் கூட்டுறவுப் பார்வையாளர் திட்டம் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொடங்கியது. நியூயார்க் மாநிலத்தின் பிரிட்ஜ்ஹாம்ப்டனில் ரிச்சர்ட் ஹெண்ட்ரிக்சன் என்ற விவசாயி 1930-இல் அளக்கத் தொடங்கி 84 ஆண்டுகள் தொடர்ந்தார். 1,50,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் அவருடையவை. எந்தத் துறை அலுவலரும் ஓரிடத்தில் அவ்வளவு காலம் பணியாற்றுவதில்லை. ஒரே இடம், ஒரே முறை, நீண்ட காலம் என்ற மூன்றும் சேர்ந்த தரவுதான் காலநிலை ஆய்வுக்கு மிகப் பெரிய சொத்து.

வீட்டில் மழை அளக்க என்ன வேண்டும்? எப்படி அளப்பது?

கோகோராஸ் பயன்படுத்தும் மழைமானி 4 அங்குல விட்டமுள்ள தெளிவான பிளாஸ்டிக் உருளை. மேலே ஒரு புனல், உள்ளே ஒரு குறுகிய அளவுக் குழாய். குழாயின் குறுக்குப் பரப்பு புனல் வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே 1 அங்குல மழை குழாய்க்குள் 10 அங்குல உயரத்துக்கு நிற்கும். அதனால்தான் 0.01 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டர் வரை கண்ணால் படிக்க முடிகிறது. குழாய் நிரம்பினால் மிச்ச நீர் வெளி உருளையில் விழும். மொத்தக் கொள்ளளவு 11 அங்குலம், ஏறத்தாழ 280 மி.மீ.

வைக்கும் இடம்தான் பாதி வேலை. பக்கத்தில் உள்ள சுவர் 10 அடி உயரம் என்றால், அதிலிருந்து 20 அடியாவது தள்ளி வைக்க வேண்டும். தரையிலிருந்து 2 முதல் 5 அடி உயரம் போதும். விளிம்பு மட்டமாக இருக்க வேண்டும். தாங்கும் கம்பத்தின் தலை மழைமானியின் விளிம்புக்குக் கீழே இருக்க வேண்டும், சரிவாகச் சீவப்பட்டும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் விழும் துளி தெறித்து உள்ளே போகும். மொட்டைமாடியில் வைப்பதை முடிந்தவரை தவிர்க்கலாம். அங்கே காற்று சுழன்று மழையை வாய்க்கு மேலாகவே தள்ளிக்கொண்டு போய்விடும், அளவு குறையும்.

படிக்கும்போது கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுவாருங்கள். நீரின் மேற்பரப்பு ஓரங்களில் ஏறி நடுவில் பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளத்தின் அடியைத்தான் படிக்க வேண்டும். குழாய் நிரம்பி வழிந்திருந்தால், முதலில் அதை 1.00 என்று குறித்துக் கொட்டிவிட்டு, வெளி உருளையில் உள்ள நீரைப் புனல் வழியே குழாயில் ஊற்றி அளந்து கூட்டுங்கள். வெளியே 0.43 இருந்தால் மொத்தம் 1.43. கனமழை நாளில் குறித்துக்கொள்ளாமல் கொட்டிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. கொட்டிய நீரை யாராலும் திரும்ப அளக்க முடியாது.

கோகோராஸில் காலை 7 மணிக்கு அளக்கிறார்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை நாள் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிகிறது. இங்கே வீட்டில் அளந்து துறையின் எண்ணோடு ஒப்பிட விரும்புகிறவர்கள் 8.30-ஐயே கடைப்பிடியுங்கள். காலண்டர் தேதியை வைத்து நள்ளிரவுக்கு நள்ளிரவு கூட்டினால் இரண்டும் ஒருபோதும் ஒத்துப்போகாது.

மழையே இல்லாத நாளிலும் பதிய வேண்டுமா?

கட்டாயம். சுழியம் என்பதும் ஓர் அளவுதான். பதிவு இல்லாத நாளைப் பார்க்கும் ஆய்வாளருக்கு, மழை இல்லையா அல்லது நீங்கள் ஊரில் இல்லையா என்று தெரியாது. வறட்சியைக் கணிப்பவர்களுக்குச் சுழியங்கள்தான் முதன்மையான தரவு. இரண்டு துளி விழுந்து அளக்க முடியாத அளவு என்றால் அதற்கும் தனிக் குறி இருக்கிறது, அதைச் சுழியமாக்கிவிடக் கூடாது. மூன்று நாள் வெளியூர் போய்விட்டு வந்து மழைமானியில் நீர் நிற்பதைப் பார்த்தால், மொத்தத்தையும் வந்த நாளின் மழையாகப் போட வேண்டாம். பல நாள் கூட்டு அளவு என்று பதியத் தனிப் படிவம் உண்டு. இதைக் கவனிக்காததால் வரைபடத்தில் பொய்யான கனமழைப் புள்ளிகள் முளைக்கின்றன.

“வீடு ஆடியது, தட்டு விழுந்தது” என்ற பதில் எப்படி அறிவியல் எண்ணாகிறது?

அமெரிக்கப் புவியியல் ஆய்வகமான யுஎஸ்ஜிஎஸ், 1990-களின் இறுதியிலிருந்து ‘நீங்கள் உணர்ந்தீர்களா?’ என்ற படிவத்தை நடத்துகிறது. 2004 முதல் உலகின் எந்த மூலையிலிருந்தும் நிரப்பலாம். கேள்விகள் எளிமையானவை: உணர்ந்தீர்களா, எவ்வளவு வேகமாக ஆடியது, பயந்தீர்களா, நிற்கச் சிரமப்பட்டீர்களா, அலமாரிப் பொருள் விழுந்ததா, சுவர்ப் படம் நகர்ந்ததா, பீரோ போன்றவை இடம் மாறினவா, கட்டடத்துக்குச் சேதமா.

ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மதிப்பெண், ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஓர் எடை. உணர்ந்ததற்கு 5, அசைவுக்கு 1, மனநிலைக்கு 1, நிற்கச் சிரமப்பட்டதற்கு 2, அலமாரிக்கு 5, படத்துக்கு 2, கனமான சாமான்களுக்கு 3, சேதத்துக்கு 5. ஒரு பகுதியிலிருந்து வந்த பதில்களின் சராசரியை எடைகளோடு பெருக்கிக் கூட்டுவார்கள். அந்தக் கூட்டுத்தொகையின் இயல் மடக்கையை 3.40-ஆல் பெருக்கி 4.38-ஐக் கழித்தால் அந்தப் பகுதியின் அதிர்வுச் செறிவு, அதாவது அங்கே எவ்வளவு பலமாக ஆடியது என்ற எண், கிடைக்கும்.

கையால் போட்டுப் பார்க்கலாம். உணர்ந்தது 1, அசைவு 3, மனநிலை 2, படம் நகர்ந்தது 1, மற்றவை சுழியம். எடைகளோடு: 5 + 3 + 2 + 2 = 12. இயல் மடக்கை 2.485, 3.40-ஆல் பெருக்கினால் 8.45, கழித்தால் 4.07. செறிவு நான்கு. இதே பகுதியில் அலமாரியிலிருந்து சில பொருள்களும் விழுந்திருந்தால் கூட்டுத்தொகை 17 ஆகும், செறிவு 5.25 ஆகும். ஒரே ஒரு கேள்வி ஒரு முழுப் படியைத் தூக்கிவிடுகிறது. பயம் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் எடை குறைவு. விழுந்த பொருள் எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி விழும், அதனால் எடை அதிகம். தனிமனித உணர்வை இவ்வளவு நிதானமாக எடைபோட்ட படிவங்கள் அரிது. கேள்வித்தாள் வடிவமைக்கும் எந்தத் துறையும் இதை ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது.

2011 ஆகஸ்ட் 23 அன்று வர்ஜீனியாவில் 5.8 அளவு நிலநடுக்கம் வந்தபோது 1,40,000-க்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பூமியின் மேலோடு பழமையானது, இறுகியது. அதிர்வு வெகுதூரம் போகும். அங்கே கருவிகளோ குறைவு. எவ்வளவு தூரம் போனது என்பதை மக்களின் பதில்கள்தாம் நிரப்பிக் காட்டின. ‘உணரவில்லை’ என்ற பதிலும் அதே அளவு தேவை. உணர்ந்தவர்கள் மட்டும் எழுதினால் அதிர்வின் எல்லைக்கோடு எங்கே என்றே தெரியாது.

விலை குறைந்த காற்று மாசுக் கருவியை அரசு நம்புகிறதா?

அப்படியே நம்புவதில்லை. திருத்திவிட்டுப் பயன்படுத்துகிறது. வீடுகளில் பொருத்தும் பர்ப்பிள்ஏர் போன்ற கருவிகள் லேசர் ஒளியைத் துகள்கள் சிதறடிப்பதை வைத்து எண்ணுகின்றன. ஈரப்பதம் கூடினால் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கும், கருவி அதிக மாசு என்று காட்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இவற்றைத் தரமான நிலையங்களுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஒரு சூத்திரம் கண்டது: கருவி காட்டும் அளவை 0.524-ஆல் பெருக்கி, ஈரப்பத விழுக்காட்டை 0.0862-ஆல் பெருக்கிக் கழித்து, 5.75-ஐக் கூட்ட வேண்டும். கருவி கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் காட்டுகிறது, ஈரப்பதம் 50 விழுக்காடு என்றால்: 31.44 − 4.31 + 5.75, ஏறத்தாழ 33. காட்டியதில் பாதியைவிடச் சற்றே அதிகம்!

இந்தக் கருவிக்குள் ஒரே மாதிரியான இரண்டு உணரிகள் இருக்கின்றன. இரண்டும் பெரிதாக வேறுபட்டால் அந்த மணி நேரப் பதிவு தள்ளப்படும். ஓர் உணரியில் பூச்சி புகுந்தாலும் தூசி படிந்தாலும் இப்படித்தான் தெரியவரும். இவ்வாறு திருத்தப்பட்ட அளவுகள் 2020 முதல் சுற்றுச்சூழல் முகமையும் வனச் சேவையும் சேர்ந்து நடத்தும் காட்டுத்தீப் புகை வரைபடத்தில் இடம்பெறுகின்றன. வெளியே போகலாமா, சன்னலைச் சாத்தலாமா என்று முடிவெடுக்க அது உதவும். ஒரு நகரம் சட்ட வரம்பை மீறியதா என்று தீர்மானிக்க, அங்கீகரித்த நிலையங்களின் அளவு மட்டுமே செல்லும்.

அமெரிக்காவில் கண்ட சூத்திரத்தைத் தூக்கிக்கொண்டுவந்து சென்னைக் காற்றுக்குப் போடக் கூடாது. புகையின் தன்மையும் கடலோர ஈரப்பதமும் வேறு. இங்கே உள்ள நிலையத்தின் பக்கத்தில் கருவியை வைத்துப் பருவத்துக்குப் பருவம் ஒப்பிட்ட பிறகே எண்ணைத் திருத்த வேண்டும்.

பொய்த் தகவல் கொடுத்தால்?

கவலைப்பட வேண்டியது பொய்யைவிடத் தவறைப் பற்றித்தான். தசமப் புள்ளி இடம் மாறும், தேதி ஒரு நாள் தள்ளிப்போகும், அலகு குழம்பும். இவற்றைப் பிடிப்பது எளிது. 1.5 அங்குலம் 15 ஆகிவிட்டால் அக்கம்பக்கத்து மானிகள் காட்டிக்கொடுத்துவிடும். பதிந்தவருக்கு அன்றே ஒரு கடிதம் போட்டுக் கேட்டால் சரியாகிவிடும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அவருக்கே நினைவிருக்காது.

பிடிப்பதற்குக் கடினமான குறை வேறொன்று. மக்கள் இருக்கும் இடத்திலிருந்துதான் தரவு வரும். நகரம், நெடுஞ்சாலை ஓரம், ஞாயிற்றுக்கிழமை காலை ஆகியவற்றிலிருந்து பதிவுகள் குவியும். மலைச்சரிவிலிருந்தும் வயல்வெளியிலிருந்தும் ஒன்றும் வராது. 2015 முதல் 2020 வரை நடந்த கேரளப் பறவை வரைபடத் திட்டம் இதை நேராக எதிர்கொண்டது. மாநிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்பதைத் திட்டமே முடிவு செய்தது. பறவை நிறைந்த குளமா, வெறும் ரப்பர்த் தோட்டமா என்று பார்க்காமல் ஒதுக்கிய இடத்துக்குத் தன்னார்வலர்கள் போனார்கள், மழைக்காலத்தில் ஒருமுறை, வறண்ட பருவத்தில் ஒருமுறை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து ஏறத்தாழ 25,000 பட்டியல்களில் 361 இனங்களைப் பதிந்தார்கள். விருப்பப்பட்ட இடத்துக்குப் போய்ப் பதிவதைவிட இது அலுப்பான வேலை. ஆனால் ஒரு பறவை ஓரிடத்தில் இல்லை என்று துணிந்து சொல்ல இந்த முறையால்தான் முடியும்.

வெளியே போக முடியாதவர்கள் என்ன செய்யலாம்?

ஆவணப் பணி இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2018-இல் தொடங்கிய திட்டத்தில், கையெழுத்துக் கடிதங்களின் படத்தைப் பார்த்து ஒருவர் தட்டச்சு செய்கிறார், வேறொருவர் சரிபார்க்கிறார். தன் வேலையைத் தானே சரிபார்க்க முடியாது. ஆஸ்திரேலிய தேசிய நூலகம் 2008 முதலே பழைய நாளிதழ்களில் எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் மென்பொருள்) செய்த பிழைகளை வாசகர்களே திருத்த வழிவிட்டிருக்கிறது.

தமிழில் இதற்கு நேரான இடம் விக்கிமூலம். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களில் ஏறத்தாழ 2,000 நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் பொது உரிமத்தில் கொடுத்தது. எழுத்துணரி படித்த உரையை மூலப் பக்கத்தோடு ஒப்பிட்டுத் தன்னார்வலர்கள் திருத்துகிறார்கள். யாரும் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் மெய்ப்புப் பார்த்தது மஞ்சள், இரண்டாமவர் சரிபார்த்தது பச்சை. ‘ர’ எழுத்தும் துணைக்காலும் இடம் மாறுவது, ‘ஔ’ உடைந்து ‘ஒள’ ஆவது, வரி முடிவில் பிளந்த சொல் சேராமல் நிற்பது ஆகியவை அடிக்கடி வரும் பிழைகள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ‘லை’, ‘னை’ போன்றவற்றின் கொம்பு வேறு வடிவம். அங்கே எழுத்துணரி தடுமாறும். பழைய புத்தகம் படித்துப் பழகிய கண் ஒரு நொடியில் பிடித்துவிடும்.

அமெரிக்காவில் இதற்குத் தனிச் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 2017 ஜனவரி 6 அன்று கையெழுத்தான அமெரிக்கப் புத்தாக்க, போட்டித்திறன் சட்டத்தின் 402-ஆம் பிரிவு, கூட்டரசின் அறிவியல் துறைகள் பொதுமக்களின் பங்களிப்பைப் பெறலாம் என்று வெளிப்படையாக அனுமதிக்கிறது. அதற்கு முன் ஒரு சிக்கல் இருந்தது. சம்பளமில்லாத உழைப்பை அரசு ஏற்கக் கூடாது என்று பழைய நிதிச் சட்டம் தடுத்தது; பின்னாளில் கூலி கேட்டு வழக்கு வரும் என்ற அச்சமே காரணம். புதிய பிரிவு, விருப்பத்தோடு செய்கிற, ஊதியமில்லாத, எந்த ஊழியரின் வேலையையும் பறிக்காத பங்களிப்பை ஏற்கலாம் என்றது.

இன்னொரு தடை காகிதப்பணிக் குறைப்புச் சட்டம். 10 அல்லது அதற்கு மேற்பட்டவர்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டுமானால் ஒரு கூட்டரசுத் துறை முன் அனுமதி பெற வேண்டும். அதற்கு முதலில் 60 நாள், பிறகு 30 நாள் பொது அறிவிப்பு. பரிசீலனையும் சேர்ந்தால் அரையாண்டுக்கு மேல் ஓடிவிடும். வெள்ளத்துக்குப் பிறகு அவசரமாகப் படிவம் போட நினைத்த துறை இங்கே மாட்டிக்கொள்ளும். ஆகவே அனுபவமுள்ள துறைகள் படிவத்தை முன்கூட்டியே தயாரித்து அனுமதி வாங்கி வைத்துவிடுகின்றன. பல்கலைக்கழகம் நடத்த, அரசு நிதியும் பயன்பாடும் கொடுக்கும் ஏற்பாடு பரவலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரசு சொல்வதும் மக்கள் அளந்ததும் முரண்பட்டால்?

மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரம் இதற்குப் பாடம். 2014 ஏப்ரலில் குடிநீர் ஆதாரத்தை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள், குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் நீரில் இறங்கியது. பாதுகாப்பான நீர் என்றே அதிகாரிகள் சொல்லிவந்தார்கள். 2015-இல் மார்க் எட்வர்ட்ஸ் தலைமையிலான வர்ஜீனியா டெக் குழுவும் நகரவாசிகளும் 300 மாதிரிப் பெட்டிகளை வீடு வீடாகக் கொடுத்தார்கள். 250-க்கும் மேல் திரும்பி வந்தன. இத்தகைய மாதிரிச் சேகரிப்பில் இது அசாதாரணமான விகிதம்.

ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று புட்டிகள். குறைந்தது 6 மணி நேரம் குழாயைத் திறக்காமல் விட்டு, திறந்ததும் வரும் முதல் 1 லிட்டர் ஒன்றில். 45 நொடி ஓடவிட்டு 500 மில்லி அடுத்ததில். 2 நிமிடம் ஓடவிட்டு 125 மில்லி மூன்றாவதில். முதல் புட்டி வீட்டுக் குழாயில் நின்ற நீரைக் காட்டும், அடுத்தவை தெருக்குழாயிலிருந்து வரும் இணைப்பையும் பொதுக்குழாயையும் நோக்கிப் போகும். அரசுத் தரப்பின் வழிமுறையோ, மாதிரி எடுப்பதற்கு முன்பே குழாயைச் சில நிமிடம் ஓடவிடச் சொன்னது. அப்படி ஓடவிட்டால் ஈயம் முன்னாலேயே கழுவிப் போய்விடும். அதோடு, அரசின் 71 மாதிரிகளில் வரம்பைவிட அதிக ஈயம் காட்டிய இரண்டு நீக்கப்பட்டன. அதன் பிறகு, பத்தில் ஒன்பது மாதிரிகள் எந்த ஈய அளவுக்குள் அடங்குகின்றன என்ற நகரத்தின் கணக்கு 11 என்று வரம்புக்குள் வந்தது. வரம்பு நூறு கோடியில் 15 பங்கு. மக்கள் எடுத்த மாதிரிகளில் அந்தக் கணக்கு வரம்பைத் தாண்டியது. 2015 அக்டோபரில் நகரம் பழைய நீர் ஆதாரத்துக்கே திரும்பியது.

மக்கள் தரவு இங்கே வென்றதற்கு அவர்களுடைய கோபம் மட்டும் காரணமல்ல. முறை எழுத்தில் இருந்தது, எல்லா வீட்டிலும் ஒன்றுபோல் கடைப்பிடிக்கப்பட்டது, மாதிரிகளைத் தகுதியான ஆய்வகம் சோதித்தது. உங்கள் ஊரில் நீரையோ காற்றையோ அளந்து அதிகாரியிடம் கொண்டுபோகப் போகிறீர்களானால் இந்த மூன்றும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். எடுத்த நேரம், எடுத்தவர், புட்டி எண், எங்கே வைத்திருந்தது, எப்போது ஆய்வகத்துக்குப் போனது ஆகியவற்றைப் பேனாவால் எழுதிய பதிவேடு ஒன்றும் வேண்டும்.

கருத்துக் கேட்பதும் போட்டி நடத்துவதும் இதில் சேருமா?

சேரும். ரூபாய்ச் சின்னம் நல்ல எடுத்துக்காட்டு. 2009-இல் நிதி அமைச்சகம் வடிவம் கேட்டு அறிவித்தது, 3,000-க்கும் மேற்பட்டவை வந்தன, 2010 ஜூலை 15 அன்று தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமாரின் வடிவத்தை அமைச்சரவை ஏற்றது. கேள்வி தெளிவு, தேர்வு விதி தெளிவு, முடிவெடுப்பவர் யார் என்பதும் தெளிவு.

ஐஸ்லாந்தில் நேர்மாறாக முடிந்தது. 2011-இல் 25 பேர் கொண்ட குழு அரசியலமைப்பு வரைவை இணையத்தில் போட்டு மக்களின் கருத்தைச் சேர்த்தே எழுதியது. 2012 அக்டோபர் வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தார்கள். நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. வாக்கெடுப்பு ஆலோசனை அளவிலானதே, நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. மக்கள் கொடுப்பதை யார், எப்போது, எந்த முடிவுக்கு எடுப்பார்கள் என்பது முன்கூட்டியே கட்டுப்படாவிட்டால், எவ்வளவு அழகான செயல்முறையும் இப்படி அந்தரத்தில் நின்றுவிடும்.

பெயரும் வீட்டு இடமும் வெளியே தெரிந்துவிடுமா?

திட்டத்துக்குத் திட்டம் மாறும். சேரும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்: இடம் எவ்வளவு துல்லியமாக வெளியிடப்படும், பெயர் காட்டப்படுமா, பதிவை நீக்கச் சொன்னால் நீக்குவார்களா. பதில் எழுத்தில் இல்லாத திட்டத்தில் வீட்டு இருப்பிடத்தைக் கொடுக்க வேண்டாம். அரிய உயிரினத்தின் படம் போடும்போது கூடுதல் கவனம் தேவை. ஐநேச்சுரலிஸ்ட், ஈபேர்ட் ஆகிய தளங்கள் வேட்டைக்கு அஞ்ச வேண்டிய இனங்களின் இடத்தை மறைக்கின்றன. ஆனால் அதே படத்தை நீங்கள் வாட்ஸ்அப் குழுவில் கூட்டின் இடத்தோடு போட்டால் அந்த மறைப்புக்குப் பயனில்லை.

எங்கள் துறையோ ஊராட்சியோ ஒரு திட்டம் தொடங்க நினைத்தால்?

செயலி செய்யும் நிறுவனத்தைக் கூப்பிடும் முன், தரவைப் பயன்படுத்தப்போகும் அலுவலரைக் கூப்பிடுங்கள். அவர் எந்த மாதம் எந்த முடிவை எடுக்கிறார், அதற்கு எவ்வளவு துல்லியம் போதும் என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியாவிட்டால் திட்டத்தைத் தள்ளிவையுங்கள்.

பிறகு முறையை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். 15, 20 பேரிடம் கொடுத்து, வாய்விளக்கம் இல்லாமல் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டு பேர் ஒரே கிணற்றின் நீர்மட்டத்தை ஒரே நேரத்தில் அளந்து 20 சென்டிமீட்டர் வேறுபட்டால், அளப்பவர்களைக் குறை சொல்லாதீர்கள். எந்த விளிம்பிலிருந்து நாடாவை இறக்க வேண்டும் என்று உங்கள் தாளில் இல்லை. கிணற்றுச் சுவரில் பெயிண்டால் ஒரு குறி போட்டால் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

செலவில் பெரும்பகுதி மென்பொருளுக்குப் போகும் என்று நினைப்பது தவறு. தன்னார்வலர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லவும், வந்த தரவைச் சரிபார்க்கவும் முழுநேர ஆள் வேண்டும். பதிந்தவர் தன் பதிவை அன்றே வரைபடத்தில் பார்க்க முடிய வேண்டும். அவர் தரவு பயன்பட்டபோது அதைச் சொல்லியனுப்ப வேண்டும். இது இல்லாத திட்டங்களில் மூன்றாம் மாதமே ஆள் குறையத் தொடங்கும்.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு, ஓர் ஊரின் செடிகொடிகளையும் விலங்குகளையும் பட்டியலிடும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகளைப் பாருங்கள். 2002-ஆம் ஆண்டு உயிரியற் பன்மைச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஊர்மக்களோடு கலந்து எழுதப்பட வேண்டியவை அவை. ஆண்டுக்கணக்கில் பல இடங்களில் தொடங்கவே இல்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 என்று கெடு வைத்தது. கெடுவுக்குள் எண்ணிக்கையைக் காட்டும் ஓட்டத்தில் ஊருக்கு ஊர் ஒரே மாதிரிப் பட்டியல் கொண்ட பதிவேடுகள் எழுந்தன என்ற விமர்சனம் பரவலாக இருக்கிறது. ஊரின் மூத்தவர்களோடு பல பருவங்கள் உட்கார்ந்து எழுத வேண்டியதைச் சில வாரங்களில் முடித்தால் வேறு என்ன கிடைக்கும்?

தமிழ்நாட்டிலிருந்து இன்றே எதில் சேரலாம்?

பறவைகளில் ஆர்வம் இருந்தால், ஜனவரியில் பொங்கலை ஒட்டி நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நல்ல தொடக்கம். ஓரிடத்தில் 15 நிமிடமாவது நின்று, பார்த்த, கேட்ட எல்லா இனங்களையும் எண்ணிக்கையோடு ஈபேர்டில் பதிய வேண்டும். காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டு அரிய பறவையை மட்டும் போட்டால் அது முழுப் பட்டியல் ஆகாது. 942 இனங்களின் நிலையை மதிப்பிட்ட 2023-ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகள் அறிக்கை இத்தகைய பட்டியல்களின் மீதுதான் நிற்கிறது. அதைத் தயாரித்ததில் அரசு ஆய்வு நிறுவனங்களும் உண்டு. தமிழ்நாடு வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த பறவைக் கணக்கெடுப்புக்கும் தன்னார்வலர்கள் தேவை. மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டால் அடுத்த நாள்களைச் சொல்வார்கள்.

விக்கிமூலத்துக்கு ஒரு கணக்கு தொடங்கினால் போதும். முதல் வாரம் மஞ்சள் பக்கங்களைச் சரிபார்க்கும் வேலையை எடுங்கள். முன்னவர் திருத்தியதைப் பார்த்தே முறை பிடிபட்டுவிடும்.

அதிர்வு உணர்ந்தால் யுஎஸ்ஜிஎஸ் படிவத்தை அன்றே நிரப்புங்கள். நிலநடுக்கம் அவர்கள் பட்டியலில் இன்னும் ஏறாவிட்டாலும் அடையாளம் தெரியாத அதிர்வைப் பதியத் தனிப் படிவம் இருக்கிறது. எந்த மாடியில் இருந்தீர்கள் என்பதை மறக்காமல் குறியுங்கள். பத்தாவது மாடியில் இருப்பவர் தரைத்தளத்தில் இருப்பவரைவிட அதிகமாக உணர்வார்.